விலை பழசு, பில் புதுசு

பொள்ளாச்சியிலோ கோவையிலோ உட்கார்ந்துகொண்டு போனில் பழைய சொகுசுக் கார் தேடிப் பாருங்கள். கேஎல் 09, கேஎல் 70 என்று பாலக்காடு, சித்தூர் நம்பர் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். பன்னிரண்டு வருஷத்து மெர்சிடிஸ் இ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், ஆடி ஏ6 எல்லாம் எட்டு லட்சம், பத்து லட்சம் என்கிறார்கள். அந்தக் காசுக்குப் புதுசாக ஒரு சின்ன ஹேட்ச்பேக்தான் கிடைக்கும். அப்புறம் போன் வரும். "ஏனுங்கண்ணா, டாக்டர் ஓட்டின வண்டிங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் எடுப்பாருங்க. வண்டி மணி மாதிரி நிக்குது, நேர்ல வந்து பாருங்க."

புரோக்கர்கள் சொல்வதையெல்லாம் நம்பினால் கேரளத்தில் நோயாளிகளைவிட டாக்டர்கள்தான் அதிகம் இருக்க வேண்டும். அது போகட்டும். வாரத்தில் ஒரு நாள்தான் ஓடியது என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் யோசிக்க வேண்டும். டீசல் சொகுசுக் காருக்கு அதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை. பேட்டரி பாதி சார்ஜிலேயே கிடந்து சாகும். புகைக்குழாயில் கரி பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி சூடாகி 2,000 ஆர்பிஎம் பக்கம் 15, 20 நிமிஷம் விடாமல் ஓட வேண்டும். கோயிலுக்கும் கிளப்புக்கும் மட்டும் போய் வந்த வண்டியில் அது பாதியில் நின்று நின்று, எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் இறங்கியிருக்கும். டிப் ஸ்டிக் இருக்கும் வண்டியானால் உருவிப் பாருங்கள். ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டி நின்று டீசல் வாடை அடித்தால் டாக்டர் கதை உண்மைதான், ஆனால் வண்டி வேண்டாம்.

விலை இவ்வளவு குறைய இன்னொரு காரணமும் உண்டு. தில்லி வட்டாரத்தில் 10 வயது தாண்டிய டீசல் வண்டியும் 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே விலை போகாத பெரிய டீசல் வண்டிகள் தெற்கே இறங்கின. கேஎல் நம்பர் போட்ட வண்டியின் ஆர்சியை நன்றாகப் பார்த்தால் சிலவற்றின் பிறப்பிடம் தில்லி என்று தெரியும். அது குற்றமில்லை. ஆனால் கேரள டாக்டர் கதைக்கு அங்கே இடமில்லை.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு, ஏன் வாங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சுழற்றி அடிக்கும்போது வாளையார் ரோட்டில் சின்னக் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், லாரியைத் தாண்டும் அந்த நொடியில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஏறக்குறைய 1,700 கிலோ கனமுள்ள இந்த வண்டிகள் அவ்வளவாக அசையாது. தேசிய நெடுஞ்சாலை 544-இல் 100-இல் போகும்போது என்ஜின் 1,500 சுற்றைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும், உள்ளே இருப்பவர்கள் குரல் உயர்த்தாமல் பேசலாம். குதிரான் குகைப்பாதை வழியாகத் திருச்சூர் போய் இறங்கினால் முதுகு வலிக்காது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மெர்சிடிஸும் பிஎம்டபிள்யூவும் பெரும்பாலும் பின்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் முன்சக்கரத்துக்குத் திருப்பும் வேலை மட்டும்தான், மூக்கு எளிதில் வெளியே ஓடாது. இறங்கும்போது இடதுகைப் பேடிலைத் தட்டி இரண்டாவது கியரில் நிறுத்தினால் பிரேக்கைப் பாதி நேரம் தொடவே வேண்டாம். இது பகட்டு இல்லை. காசு கொடுத்தவனுக்குத் தினமும் கிடைக்கிற சுகம்.

ஆனால் அந்தச் சுகம் எதில் இருக்கிறது? பெரும்பாலும் ரப்பரில். என்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் புஷ், கதவைச் சுற்றிய பீடிங். ரப்பர் கிலோமீட்டரைப் பார்த்துக் கெடுவதில்லை, வயசைப் பார்த்துக் கெடுகிறது. 45,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றாலும் பன்னிரண்டு வயசு புஷ் பன்னிரண்டு வயசு புஷ்தான். ஆடி ஏ4, ஏ6 வண்டியில் முன்பக்கம் ஒரு சக்கரத்துக்கு நாலு ஆர்ம், இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. ஒன்று போனால் ஒன்று என்று மாற்றினால் கூலியும் வீல் அலைன்மென்ட்டும் எட்டு முறை. செட்டாக மாற்றுவதுதான் சிக்கனம், ஆனால் செட்டின் விலையைக் கேட்டதும் ஒன்று மட்டும் போதும் என்று சொல்லத் தோன்றும்.

எல்லாச் செலவுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்குதான். வண்டியின் விலை 50 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கு இறங்கியது. அதன் ஹெட்லைட், கம்ப்ரசர், கியர்பாக்ஸ் எதுவும் கூட இறங்கவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் இன்னும் 50 லட்ச ரூபாய் வண்டிக்கான விலையில்தான் வருகிறது. கையில் 10 லட்சம்தான் இருக்கிறது என்பவர் 10 லட்சத்துக்கு இந்த வண்டியை வாங்கக் கூடாது.

பார்ட் விலையாவது கண்ணுக்குத் தெரியும். கூலி எப்படி ஏறுகிறது என்பதற்கு மெர்சிடிஸின் 3 லிட்டர் வி6 டீசல், ஓஎம்642 என்கிற என்ஜினைப் பார்க்கலாம். 2005-க்குப் பிறகு வந்த இ, எஸ், எம்எல், ஜிஎல் வண்டிகள் பலவற்றில் இதுதான். இழுப்புக்கும் உழைப்புக்கும் அருமையான என்ஜின். இதன் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் படுத்திருக்கிறது. அதன் கீழே ரப்பர் சீல்கள். ஆரம்பத்தில் வந்த ஆரஞ்சு நிறச் சீல் சூட்டில் வெந்து இறுகி ஆயிலை விடும். ஆயில் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கம் வழிந்து, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிற மெக்கானிக் கிராங்க் சீல் போச்சு என்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார். இறக்கி, சீல் மாற்றி, ஏற்றியும் பார்ப்பார்கள். மறுபடி சொட்டும்.

சரியான வேலை மேலிருந்து செய்ய வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டிகள், டர்போ, என்ஜினுக்குள் காற்று போகும் இரண்டு பக்க இன்டேக் மேனிஃபோல்டு எல்லாம் கழற்றினால்தான் கூலர் கண்ணில் படும். சீல் விலை சில நூறு ரூபாய். வேலை இரண்டு முழு நாள். அதற்குள் கை போட்டபோதே செய்ய வேண்டியவை இருக்கின்றன. புதிய ஊதா நிறச் சீல்தான் போட வேண்டும், பழைய ஆரஞ்சை யாராவது ஸ்டாக்கில் வைத்திருந்து தள்ளிவிடப் பார்ப்பார்கள். இன்டேக் கேஸ்கெட் எல்லாம் புதுசு. மேனிஃபோல்டுக்குள் பிடித்திருக்கும் கரியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். டர்போ வாய்க்கு வரும் குழாயின் சிவப்பு வளையச் சீலைக் கண்டிப்பாக மாற்ற வேண்டும். அது கசிந்தால் ஆயில் நேராகக் கீழே இருக்கும் ஸ்வர்ல் மோட்டாரில் (உள்ளே போகும் காற்றைச் சுழற்றும் மடல்களை அசைப்பது) சொட்டும், மோட்டார் செத்தால் என்ஜின் விளக்கு எரியும், வண்டி இழுக்காது, மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சில நூறு ரூபாய்ச் சீல் வெளி ஒர்க்‌ஷாப்பிலேயே நாற்பது, ஐம்பதாயிரம் பில்லாக நிற்பது இப்படித்தான். இந்த வேலை ஏற்கெனவே நடந்த பில்லோடு வருகிற வண்டிக்கு ஐம்பதாயிரம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

ஏர் சஸ்பென்ஷன் வேறு விதம். எஸ்-கிளாஸ், ஜிஎல், சில ஆடி க்யூ7, ரேஞ்ச் ரோவர் வண்டிகளில் ஸ்பிரிங் கிடையாது, அதற்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை. ரப்பரின் மடிப்பில் வெடிப்பு விழுந்து இரவெல்லாம் மெல்லக் கசியும். காலையில் ஒரு மூலை குனிந்து நிற்கும். ஸ்டார்ட் பண்ணினால் அரை நிமிஷத்தில் எழுந்துவிடும் என்பதால் ஓனர் விட்டுவிடுவார். தவறு அங்கேதான். கசிவை ஈடுகட்ட, பைக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசர் அளவுக்கு மீறி ஓடுகிறது. சூடேறி அதுவும் போகிறது. கம்ப்ரசரை ஓட்டுகிற ரிலே ஒட்டிக்கொண்டால் வண்டியைப் பூட்டிய பிறகும் அது நிற்காமல் ஓடிப் பேட்டரியையும் சேர்த்துத் தீர்த்துவிடும். ஆகவே வரிசை இது. முதலில் கசியும் பை, அப்புறம் கம்ப்ரசர், அதோடு ரிலே. பையை விட்டுக் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதுக் கம்ப்ரசரும் அதே வழியில் போகும். கசிவைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டியதில்லை. வண்டியை மேல் நிலைக்கு உயர்த்தி, சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் மடிப்பிலும் குழாய் சேரும் நுனியிலும் நுரை கொப்பளிக்கிறதா பாருங்கள். ஸ்டாண்ட் வைத்துத் தாங்காமல் கையையோ தலையையோ உள்ளே விடாதீர்கள், பை சொல்லிவிட்டு இறங்காது. ஒரு முன்பக்க ஸ்ட்ரட் கம்பெனிப் பெட்டியில் வாங்கினால் லட்சத்தைத் தொடும். அதனால் சாதா ஸ்பிரிங் போட்டுத் தரேங்க என்பவர்கள் உண்டு. போடலாம், ஓடும். எதற்காக அந்த வண்டியை வாங்கினீர்களோ அது மட்டும் இருக்காது.

பிஎம்டபிள்யூ நாலு சிலிண்டர் டீசலில் 2007-இலிருந்து 2014 வாக்கில் வந்த என்47 என்ஜினுக்கு, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் பின்னாலிருந்து இரும்பு உரசும் சத்தம் வந்தால் கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்கித்தான் பார்க்க முடியும். பாராமல் ஓட்டி அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை முட்டும், அதோடு முடிந்தது. ஆடியின் பழைய 1.8, 2.0 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோலில் பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் குடிக்கும் சீக்கு. 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று ஓனரிடம் சாதாரணமாகக் கேளுங்கள். கேள்வி புரியாதவர் நல்ல ஓனர் அல்லது நல்ல நடிகர்.

கியர் ஆயில் பற்றி ஒரு மூடநம்பிக்கை ஊன்றிவிட்டது, ஆயுளுக்கும் மாற்ற வேண்டாமாம். பிஎம்டபிள்யூவில் இருக்கும் எட்டு கியர் பெட்டியைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000-இலிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. ஆயில் தொட்டியும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, சேர்த்துத்தான் வரும், கூட ஏறக்குறைய 7 லிட்டர் ஆயில். அளவு பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், என்ஜின் ஓட வேண்டும், ஆயில் சூடு ஸ்கேனரில் 40 டிகிரி வாக்கில் இருக்கும்போது நிரப்பும் துளையில் மெல்லக் கசிந்து நிற்க வேண்டும். ஆறிய பெட்டியில் குத்துமதிப்பாக ஊற்றி மூடினால் கியர் விழும்போது உதை வாங்குவீர்கள்.

என்ஜின் ஆயிலை 15,000 கிலோமீட்டர் வரை விடலாம் என்று கம்பெனி சொன்னாலும் நம் வெயிலுக்கும் வாளையார் லாரி நெரிசலுக்கும் 8,000-இலிருந்து 10,000-க்குள் மாற்றுவது நல்லது. டப்பாவில் 5டபிள்யூ-30 என்று மட்டும் பார்க்காதீர்கள். பின்பக்கம் மெர்சிடிஸுக்கு 229.51 அல்லது 229.52, பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப்-04, ஆடிக்கு 507 00 என்று இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத ஆயிலின் சாம்பல் டிபிஎஃபில் போய் அடைக்கும். எரியாத சாம்பல் அது, எந்த ஹைவேயில் ஓட்டினாலும் போகாது.

இனி நம் ஊர்ச் சமாச்சாரம். ஆனைமலை, சித்தூர்ப் பக்கம் வீடு என்றால் தென்னந்தோப்புக்குள்தான் வண்டி நிற்கும். தோப்பு எலிக்குச் சூடான என்ஜின் மூடி மெத்தை போல. தென்னை நாரைக் கொண்டுவந்து கூடு கட்டி, ஒயரைக் கடிக்கும். இந்த வண்டிகளில் ஒரு ஒயர் கட்டு முழுசாகத்தான் விற்பார்கள். நல்ல எலக்ட்ரீஷியன் இருந்தால் கடித்த இடத்தை மட்டும் வெட்டிச் சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு முடித்துவிடுவார். எனவே கடித்தது தெரிந்ததும் ஷோரூமுக்கு ஓடாமல் அவரைத் தேடுங்கள். தினமும் இரவு போனட்டைத் திறந்து வைத்தால் எலி அவ்வளவாக வராது. இருட்டும் சூடும் போனால் அதற்கு அங்கே வேலையில்லை. தேங்காய் விழும் தூரத்தில் பனோரமிக் கண்ணாடிக் கூரை வண்டியை நிறுத்தாதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் நிறுத்துகிறார்கள்.

சன்ரூஃப் இருக்கும் வண்டியில் நாலு மூலையிலும் தண்ணீர் இறங்கும் மெல்லிய குழாய்கள் உண்டு. வேப்பிலையும் புளிய இலையும் போய் அடைத்தால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைத் தண்ணீர் கூரை வழியாகக் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கும். ஸ்பாஞ்ச் உறிஞ்சிக்கொள்வதால் மேலே ஈரமே தெரியாது. கண்ட்ரோல் யூனிட்டுகள் சில அங்கேதான் படுத்திருக்கின்றன. வருஷம் இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், சன்ரூஃபைத் திறந்து முன்பக்க மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒழுக வேண்டும். ஒழுகாவிட்டால் புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பை மெல்ல விட்டுத் தள்ளுங்கள். கம்ப்ரசர் காற்று அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிட்டால் கூரைத் துணியையே இறக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியையும் பார்க்கத் தெரிய வேண்டும். 2018 ஆகஸ்டில் ஆலுவா, சாலக்குடிப் பக்கம் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கழுவித் துடைத்தவை எல்லை தாண்டித்தான் விற்கும். சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை உருவுங்கள். கழுவினவர்கள் அதுவரை போக மாட்டார்கள், சேற்றுக் கோடு அங்கே இருக்கும். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி அதன் தண்டவாளத்தில் துரு, டிக்கி அடிப்பள்ளத்தில் மணல், ஒயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு. மூன்றில் ஒன்று இருந்தாலும் திரும்பிவிடுங்கள். தண்ணீர் பட்ட எலக்ட்ரானிக்ஸ் மூணு வருஷம் கழித்துக்கூட ஒவ்வொன்றாகப் பழி வாங்கும்.

பார்ட்ஸ் வாங்க ஒரு வழி இருக்கிறது. சேஸிஸ் எண்ணை வைத்துப் பார்ட் நம்பரை எடுங்கள், பிஎம்டபிள்யூவுக்குக் கடைசி ஏழு இலக்கம் போதும். பிறகு அந்தப் பார்ட்டை உண்மையில் செய்தவர் யார் என்று பாருங்கள். ஆர்ம் என்றால் லெம்ஃபோர்டர், ஃபில்டர் என்றால் மான் அல்லது ஹெங்ஸ்ட், ஷாக் என்றால் பில்ஸ்டீன் அல்லது சாக்ஸ் என்று இருக்கும். நட்சத்திரம் போட்ட பெட்டிக்குள் வருவதும் பல சமயம் அவர்கள் பொருள்தான், பெட்டிக்கு மட்டும் தனி விலை. சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பார்ட்ஸ் கிடைக்கும். கதவு, கண்ணாடி, சீட் வாங்கலாம். ரப்பரும் சென்சாரும் பிரேக் சாமானும் அங்கே வாங்காதீர்கள். பேட்டரி மாற்றினால் ஏஜிஎம் வகைதான் போட வேண்டும், பிஎம்டபிள்யூவில் புதுசு என்று ஸ்கேனரில் பதியவும் வேண்டும். பதியாவிட்டால் கிழட்டுப் பேட்டரிக்குக் கொடுத்த அதே சார்ஜைக் கொடுத்து அதையும் சீக்கிரம் கெடுக்கும்.

காகித வேலையிலும் அதே கணக்குதான் துரத்துகிறது. கேஎல் வண்டியைப் பொள்ளாச்சி டிஎன் 41-க்கோ கோவை டிஎன் 37-க்கோ மாற்ற, கேரளத்து ஆர்டிஓவில் படிவம் 28-இல் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் அதற்கு முன் கடன் தீர்ந்தது என்று படிவம் 35. கேரளத்தில் 2023 ஜூன் முதல் ஏஐ கேமரா அபராதம் வருகிறது, பாக்கி இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். இங்கே கட்டும் ஆயுள் வரி நீங்கள் கொடுத்த பத்து லட்சத்தின் மேல் இல்லை, வண்டியின் முதல் விலையின் மேல், வயசுக்கு ஏற்பக் குறைத்து. வாங்குபவர்கள் விழிப்பது இந்த இடத்தில்தான். கேரளத்தில் கட்டிய வரியில் மீதிக்காலத்துக்கு ரீஃபண்ட் கேட்கலாம், அலையத் தெம்பு வேண்டும்.

இன்ஷூரன்ஸில் 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் 2022 ஜூனில் 7,897 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அது பெரிசில்லை. வண்டியின் ஐடிவி, அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி அதற்குப் போடும் மதிப்பு, எட்டு லட்சம் என்று வையுங்கள். ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டக் கணக்கில் போய்விடும். இரண்டு ஹெட்லைட், பம்பர், ரேடியேட்டர், இரண்டு ஏர்பேக், அவ்வளவுதான், ஆறு லட்சம் வந்துவிடும். ஓடக்கூடிய வண்டி, ஆனால் கணக்கில் செத்த வண்டி. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் சாமானில் பாதி உங்கள் கையிலிருந்து. ஏர் சஸ்பென்ஷன் பையும் ரப்பர்தான்.

நாலு சிலிண்டர் வண்டிக்கு வருஷம் ஒரு லட்சம், ஆறு சிலிண்டருக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்குங்கள், டீசலும் டயரும் தனி. வாங்கிய மாதமே கையில் இரண்டு லட்சம் இருக்க வேண்டும். சில வருஷம் ஒதுக்கியதில் பாதிகூட ஆகாது. எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள், அது அடுத்த வருஷத்துக் கம்ப்ரசரின் காசு.

வண்டி பார்க்கப் போவதானால் விடிகாலையில் போங்கள். வருகிறோம் என்று சொல்லும்போதே, ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்க சேட்டா என்று சொல்லிவிடுங்கள். நாலு மூலையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா பாருங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஐந்து நொடி என்ஜினின் பின்பக்கச் சத்தத்துக்குக் காது கொடுங்கள். அதற்கும் முன்னால், சாவியைத் தொடும் முன்பே, போனட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்னாலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டு முடித்துவிட்டார்கள். டீ சொன்னால் குடியுங்கள், பேப்பர்களைப் புரட்டுங்கள், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.